எலிசபெத் கிளேசர்: காலம் கடந்து வந்த பரிசோதனை முடிவு

அமெரிக்கரான எலிசபெத் கிளேசருக்கு, 1981இல் மகள் பிறந்தபோது ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. அதனைக் கண்டறியும் பரிசோதனை அப்போது இல்லை. தாய்ப்பால் வழியாக மகளுக்கும், 1984இல் பிறந்த மகனுக்குக் கருவிலேயும் தொற்று பரவியது. மகள் நோயுற்ற பின்னரே குடும்பத்தினர் பரிசோதிக்கப்பட்டனர். புறக்கணிப்புக்கு அஞ்சி, முடிவைப் பல ஆண்டுகள் மறைத்து வாழ நேர்ந்தது.

1988இல் மகள் இறந்தாள். அவ்வாண்டே இரு தோழியருடன் குழந்தைகளுக்கான எய்ட்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கி, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் ஜிடோவுடின் மருந்து அளித்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறையும் என 1994இல் ஓர் ஆய்வு காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

அவருக்கு உரிய காலத்தில் கிட்டாத பரிசோதனை, இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் ஆலோசனையுடன் இலவசமாகச் செய்யப்படுகிறது. முடிவு இரகசியமாகக் காக்கப்படும். தொற்று இருப்பினும், உரிய சிகிச்சையால் குழந்தையைக் காக்க இயலும்.