தெருவில் ஓடிய எஞ்சின் பந்தயத்தில் பாய்ந்தது!
கோவை கரிவரதன் செய்த புதுமை

சென்னைக்கு வடக்கே இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போருக்குப் பிறகு அது மோட்டார் பந்தயக் களமாயிற்று. வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

ஆனால் அந்தப் பந்தயத்தில் ஒரு குறை இருந்தது. பணம் படைத்தவர் வெளிநாட்டுக் கார் கொண்டுவருவார். மற்றவர் உள்ளூர்க் காரை மாற்றியமைத்து ஓட்டுவார். இருவரும் எப்படிச் சமமாவார்கள்?

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் கரிவரதன்.

மில் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சு, நூல் வியாபாரத்தைவிட எஞ்சின் சத்தமே அவர் மனதைக் கவர்ந்தது. அவரே பந்தய வீரர். வண்டியின் நெளிவு சுளிவு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

1983 கடைசியில் மாருதி 800 கார் வந்தது. காரைக்குடி முதல் கோவை வரை எல்லா ஊர் வீதிகளிலும் அது ஓடத் தொடங்கியது. அதன் எஞ்சின் மிகச் சிறியது, 796 சி.சி. தான். அந்த எஞ்சினைக் கொண்டே கரிவரதன் பந்தயக் கார் செய்தார்!

ஒரே ஆசனம். மூடாத நான்கு சக்கரங்கள். தரையை ஒட்டிய தாழ்வான உடல். 1988-ல் ‘பார்முலா மாருதி’ பந்தயம் பிறந்தது.

ஜெயிப்பது யார்?

எல்லாருக்கும் ஒரே விதமான கார், ஒரே எஞ்சின். ஆகவே பணத்தைவிட ஓட்டுபவரின் திறமைதான் பெரிதாயிற்று. கடைசிச் சுற்று வரை போட்டி நீடித்தது. பார்ப்பவர்களுக்கு அதுதானே விருந்து! பழகிய எஞ்சின் ஆனதால் பழுது பார்ப்பதும் சுலபம், செலவும் குறைவு. இளைஞர்கள் பலர் துணிந்து களம் இறங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் அருகே பார்முலா மாருதி ஓட்டிப் பழகியவர். 2005-ல் உலகப் புகழ் பெற்ற பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்து ஒன்று அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 41.

2003-ல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தயத் தளம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.