முடி எடுக்க மறுத்த தரிகொண்டா வெங்கமாம்பா

திருமலைக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் மூட்டையை இறக்கியதும் முதலில் போகும் இடம் கல்யாண கட்டா. குழந்தைக்கு முதல் முடி, அப்பாவுக்கு நேர்த்திக்கடன் மொட்டை, அம்மாவுக்கு மூன்று கத்தரி பூ முடி என்று குடும்பமே காணிக்கை செலுத்துவது உண்டு. பிறகு குளித்து, தரிசனம் முடித்து, இலவசச் சாப்பாட்டுக்குக் கூட்டத்தோடு நிற்போம். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பா என்ற பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. முடி கொடுக்கும் மலையில், தன் முடியைக் கொடுக்க மாட்டேன் என்று ஆயுள் முழுவதும் நின்ற பெண்மணியின் பெயர் அது.

தரிகொண்டா பழைய சித்தூர் மாவட்டத்துக் கிராமம். பாக்காலாவில் இருந்து தருமாவரம் போகும் ரயில் பாதையில் பீலேர், கலிகிரி தாண்டி வாயல்பாடு ஸ்டேஷன் வரும். அங்கே இறங்கிப் போக வேண்டும். ஊரில் லட்சுமி நரசிம்மர் கோயில் உண்டு. இவ்வூரில் 1730-ம் ஆண்டில் கானால கிருஷ்ணய்யா, மங்கமாம்பா தம்பதிக்கு மகளாக வெங்கமாம்பா பிறந்தார். அந்தணக் குடும்பம். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெயர் வேங்கடாசலபதி. மலை மேல் இருக்கும் பெருமாளின் பெயரேதான். அவர் இளம் வயதில் இறந்து போனார்.

அதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். தாலி போகும், வளையல் போகும், குங்குமமும் பூவும் போகும். கடைசியில் நாவிதரைக் கூப்பிட்டுத் தலையை மழித்து விடுவார்கள். முடி ஒரு தரம் போனால் போதாது. வளர வளர எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் நடக்கும்போதே இவள் யார், என்ன நிலை என்று யாரும் கேளாமலே தெரிந்து கொள்வதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அது.

ஊரும் மடமும்

வெங்கமாம்பா இதற்கு இணங்கவில்லை. தன் கணவன் திருவேங்கடமுடையான், அவனுக்கு அழிவு கிடையாது, ஆகவே நான் சுமங்கலி என்பது அவர் நிலை. பொட்டு வைத்தார், வளையல் போட்டார், கூந்தலை முடிந்து பூச்சூடினார். பெற்றோர் கலங்கினார்கள், உறவினர் ஒதுக்கினார்கள். பைத்தியம் என்றும் பேசினார்கள். அந்தக் காலத்து ஊர்க்கட்டுப்பாடு என்பது தண்ணீர் எடுப்பதில் இருந்து பிணம் தூக்குவது வரை பாயும். இதைத் தாங்கி நின்றது சாதாரண விஷயமல்ல.

புஷ்பகிரி மடாதிபதி அவ்வூர்ப் பக்கம் வந்தபோது புகார் அவரிடம் போயிற்று. அங்கே நடந்ததாகப் பல கதைகள் வழங்குகின்றன. வெங்கமாம்பா அவரை வணங்க மறுத்து, எழுந்து கொள்ளச் சொல்லிக் காலி ஆசனத்தை வணங்கினார், ஆசனம் பற்றி எரிந்தது என்பது ஒன்று. பலவந்தமாக முடியை எடுத்தார்கள், அவர் நீரில் மூழ்கி எழுந்தபோது பழையபடி நீண்ட கூந்தல் இருந்தது என்பது இன்னொன்று. கதையைக் கதையாகவே வைத்துக் கொள்வோம். ஆனால் இருநூறு வருடத்துக்கு மேலாக ஜனங்கள் அவரைப் பற்றிச் சொல்லி வந்திருப்பதில் முடிக்குத்தான் முதல் இடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதனப்பள்ளி ரூபாவதாரம் சுப்பிரமணிய சாஸ்திரி அவருக்குக் குருவாக வாய்த்தார். யோகமும் வேதாந்தமும் அவரிடம் கிடைத்தன. ஊரில் நரசிம்மர் கோயிலில் ஆஞ்சநேயர் சிலைக்குப் பின்னால் மறைந்து தியானம் செய்வாராம். அர்ச்சகர் கண்டுபிடித்து வெளியே விரட்டினார் என்பர். ஊரில் இனி இடமில்லை என்று ஆன பிறகு திருமலை ஏறினார்.

மலையில்

மலையிலும் உடனே நிம்மதி கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் தொல்லை பொறுக்காமல் காட்டுக்குள் இருக்கும் தும்புரு கோணைக்குப் போய்ச் சில வருடங்கள் தவம் இருந்தார். பங்குனிப் பௌர்ணமி முக்கோடிக்கு நம் ஆட்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடக்கிறார்களே, அதே தும்புரு தீர்த்தம்தான். கூட்டத்தோடு பகலில் போகிறவர்களுக்கே கால் வலிக்கும் பாதை.

அவர் எழுதியது கொஞ்சமல்ல. தரிகொண்டா நரசிம்ம சதகம், ராஜயோகாமிருத சாரம், விஷ்ணு பாரிஜாதம், செஞ்சு நாடகம், வேங்கடாசல மகாத்மியம், வாசிஷ்ட ராமாயணம், துவிபத பாகவதம் என்று பட்டியல் போகிறது. இவற்றில் பாமர ஜனங்கள் பார்த்து ரசிக்கும் யட்சகானங்களும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத பெண் இவ்வளவு செய்தார்.

1817-ம் ஆண்டு, 87-வது வயதில் காலமானார். விதவைக்கு மறுமணம் என்று வீரேசலிங்கம் பந்துலு ராஜமகேந்திரவரத்தில் முதல் கல்யாணத்தை நடத்தி வைத்தது 1881-ல். பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூடி, விதவைகள் தலையில் இனிக் கத்தி வைக்க மாட்டோம் என்று முடிவு செய்தது 1890-ல். கத்தி பிடித்தவர்களுக்கே மனம் பொறுக்காமல் போன காரியத்தை, அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே தனி ஒரு பெண் எதிர்த்திருக்கிறார்.

இன்றும்

இது பழைய கதை என்று தள்ளி விடுவதற்கில்லை. வீட்டில் பையன் முடி வளர்த்தால் அப்பா கத்தரிக்கோலைத் தேடுகிறார். பெண் கிராப்பு வெட்டிக் கொண்டால் அம்மா அழுகிறாள். தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளை, திருநங்கையாக வாழ முற்படும்போது முதலில் செய்வது முடி வளர்ப்பது. அந்தப் பிள்ளையைத் திருத்துவதாக நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் முடியில்தான். இதே திருப்பதியில் மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையின்போது மீசை வைத்த ஆண்கள் சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, பூ வைத்து வீதியில் நடக்கிறார்கள். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. ஜாத்திரை முடிந்த மறுநாள் அதே பின்னலோடு ஒருவர் பஸ் ஏறினால் கண்டக்டர் முதல் எல்லோரும் சிரிக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை. 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தை உடையாலும் தோற்றத்தாலும் வெளிப்படுத்துவது அரசியல் சட்டம் தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. வெங்கமாம்பாவுக்குக் கோர்ட்டு இல்லை. பெருமாளைச் சாட்சியாக வைத்துக் கொண்டார்.

அவரை ஒதுக்கிய உலகம் பிறகு அவரைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக் கொண்டது. இரவில் ஏகாந்த சேவையின்போது தாள்ளபாக்கம் வம்சத்தார் தாலாட்டுப் பாட, வெங்கமாம்பா பெயரால் முத்தியால ஆரத்தி எடுக்கிறார்கள். தட்டில் முத்துக்கள் பரப்பிக் கொண்டு வரும் உரிமை அவர் வழி வந்தவர்களுக்கு. 1985-ல் தொடங்கிய நித்திய அன்னதானத்துக்கு 2011-ல் புதிய கூடம் திறந்தபோது அவர் பெயரையே சூட்டினார்கள். தேவஸ்தானம் அவர் நூல்களையும் அச்சிட்டு விற்கிறது.

அவரது பிருந்தாவனம் கோயிலுக்கு வடக்கே, தேவஸ்தானப் பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கிறது. அன்னதானக் கூடத்தில் சாப்பிட்டு வெளியே வருகிறவர்கள் யாரையாவது கேட்டால் வழி சொல்வார்கள். நரசிம்ம ஜயந்தி அன்று அவர் பிறந்த நாளும், தெலுங்கு சிராவண மாதத்து வளர்பிறை நவமியில் நினைவு நாளும் அங்கே நடக்கின்றன.