வீட்டுத் தரையில் போர் நடத்திய வெல்ஸ்

மாசிடோனிய ஈட்டிப்படை, ரோமானிய லீஜியன், போரஸ் மன்னனின் வில்லாளர்கள் என்று விரல் உயரம்கூட இல்லாத பழங்காலக் காலாட்படையினரை நான் சேர்த்து வருகிறேன். வண்ணம் தீட்டி, மேசையில் அணிவகுத்து, விதிகளின்படி மோதவிடும் விளையாட்டு இது. மெர்லிமாவில் பிறந்தவனுக்கு ஏன் இந்தப் பித்து என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பித்துக்கு ஒரு மூதாதை இருக்கிறார். அவர்தாம் எச். ஜி. வெல்ஸ்.

1866 செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் புரோம்லியில் அவர் பிறந்தார். தாயார் பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். தந்தையின் பீங்கான் கடை சரியாக ஓடவில்லை. கிரிக்கெட் ஆடிக் கிடைத்த பணந்தான் அடுப்பை எரிய வைத்தது. (1862இல் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் வீழ்த்தியவர் அந்தத் தந்தை!) 1877இல் அவருக்குக் கால் முறிந்ததும் அந்த வருமானமும் நின்றது. மகன் துணிக்கடைக்கு வேலை பழக அனுப்பப்பட்டார். நாளுக்கு 13 மணி நேர உழைப்பு. அதிலிருந்து தப்பி, 1884இல் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நம்மவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

1895இல் கால இயந்திரம் பற்றிய நாவல் வெளிவந்தது; புகழும் வந்தது. அதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல விரும்புவது 1913இல் வெளிவந்த லிட்டில் வார்ஸ் என்னும் சிறுநூலைப் பற்றி. பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் வார்த்து வந்த உள்கூடான ஈய வீரர்களைத் தரையில் பரப்பி, சுருள்வில் பீரங்கியால் மரக்குண்டு சுட்டு விளையாடினார் வெல்ஸ். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்! காலாள் ஓரடி நகரலாம், குதிரை ஈரடி. அளக்க ஒரு நூல் போதும். பகடை கிடையாது, குண்டு பட்டு விழுந்தவன் இறந்தவன். நூலின் துணைத்தலைப்பில், ஆண்பிள்ளை விளையாட்டை விரும்பும் பெண்களே கூடுதல் அறிவுள்ளவர்கள் என்ற தொனி உண்டு. நம் மாணவியர் இதற்குச் சண்டைக்கு வருவது நியாயமே. இவர் ஆடியது அவர் காலத்துப் படைகளை வைத்து. பழங்காலப் படைகளுக்கெனத் தனிச் சங்கத்தை டோனி பாத் 1965இல்தான் தொடங்கினார்.

அந்நூலின் முடிவில் வெல்ஸ், உண்மைப் போர் எத்தனை மடத்தனமானது என்பதைப் பொம்மைப் போரே காட்டிவிடும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. அவரோ அதை எதிர்க்கவில்லை. போரையே ஒழிக்கும் போர் அது என்று எழுதினார். இந்த முரணை நான் மூடி மறைக்க மாட்டேன். அதே 1914இல் அணுகுண்டைக் கற்பனை செய்து நாவல் எழுதியவரும் அவரே.

அவர் ஆதரித்த போர் எந்தப் போரையும் ஒழிக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தனர். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அவர்களுக்கு விதி நூலும் இல்லை, விழுந்தபின் எழுந்து நிற்கும் அடுத்த ஆட்டமும் இல்லை. மேசையில் ஒரு வீரனைச் சாய்க்கும்போதெல்லாம் இது என் நினைவில் வரும். அதற்காக ஆட்டத்தை விடவும் எனக்கு மனமில்லை.

முதுமையில் வெல்ஸ் மனித உரிமைகளுக்காக வாதாடி 1940இல் ஒரு நூல் எழுதினார். ஹிரோஷிமா எரிந்த செய்தியையும் கேட்டார். 1946 ஆகஸ்டு 13ஆம் நாள் லண்டனில் காலமானார். அவருடைய சாம்பல் கடலில் தூவப்பட்டது.