பல்லைப் பார்த்துப் பெயர் சொன்ன சர்வேக்காரர்



சர்வே பிராக்டிகலுக்கு செயினையும் ரேஞ்சிங் ராடையும் தூக்கிக்கிட்டு மதுரை வெயிலில் நடக்கும்போது நமக்கெல்லாம் அலுப்புத்தான் வரும். ஆனால் இதே வெயிலில், இதே மண்ணில் நடந்தே பெரும்பெயர் வாங்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-ல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை வந்தார். 1863 மே 30-ம் தேதி, பல்லாவரத்தில் சரளைக்காக வெட்டிய ஒரு சின்னக் குழியருகே, மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சான்று ஆயிற்று!

இது பாடப்புத்தகத்தில் வருகிற கதை. அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கதையும் இருக்கிறது.

இன்றைய கர்நாடகத்தில் உள்ள கோகாக் அருகே, பூமிக்குள் புதைந்து கிடந்த ஒரு மிருகத்தின் எச்சங்கள் அவர் கைக்கு வந்தன. அது என்ன மிருகம்? கொம்பு இருந்தால் சட்டுனு சொல்லிடலாம். ஆனால் காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பே கிடையாது. நம்ம நகம் மாதிரியான பொருள். மண்ணுக்குள் மக்கிப் போய்விடும். காலத்தைத் தாண்டி நிற்பது பல்தான். காண்டாமிருகத்தின் மேல் கடைவாய்ப் பல்லைத் திருப்பிப் பார்த்தால், கணக்கில் நாம போடுகிற 'பை' குறி போல மடிப்பு தெரியும். சரி, காண்டாமிருகம்தான், எந்த இனம்? மடிப்பின் வளைவு, பல்லின் உயரம், கீழ்த்தாடையில் முன்பல் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஆசியக் காண்டாமிருகங்களுக்குக் கீழே தந்தம் போல முன்பல் உண்டு; ஆப்பிரிக்க இனங்களுக்குக் கிடையாது.

இப்படி ஒப்பிட்டு, இது அழிந்துபோன புது இனம் என்று ஃபூட் 1874-ல் அறிவித்தார். 'ரைனோசெரஸ் டெக்கானென்சிஸ்', அதாவது தக்காணக் காண்டாமிருகம் என்று பெயரும் வைத்தார். பத்து வருடம் கழித்து கர்னூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளில், அவரும் அவர் மகன் ஹென்றியும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த லைடெக்கர், 1886-ல் இன்னொரு காண்டாமிருக இனத்துக்குக் கர்னூல் பெயரையே வைத்தார்.

நம்ம ஊருக்கும் அவர் வந்திருக்கிறார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் மண்ணையும் பாறையையும் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1883-ல் வெளியானது. அவர் நடந்து ஆராய்ந்த அந்தத் தென்பாண்டிச் சீமையில், சாத்தான்குளம் பகுதியில், பிற்காலத்தில் காண்டாமிருகத்தின் புதைபடிவமே கிடைத்தது! காண்டாமிருகத்துக்குப் புல்லும் தண்ணீரும் வேணும். இன்றைக்குப் பனையும் உடைமரமும் நிற்கிற பூமி அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளும் பானை ஓடுகளும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். 1912-ல் காலமானார்.

அந்தக் குறிப்புதான் நண்பர்களே, நாம கத்துக்க வேண்டியது. இடம் தெரியாத எலும்பு வெறும் எலும்புதான். இடமும் ஆழமும் எழுதி, பொருளையும் பத்திரப்படுத்தினால், முதலில் பெயர் வைத்தவர் சரியா தப்பா என்று நூறு வருடம் கழித்து வருகிறவரும் சோதித்துப் பார்க்கலாம்.

நாளைக்கு நாமதான் சைட்டில் நிற்கப் போகிறோம். அஸ்திவாரம், கிணறு, கண்மாய், குவாரி எல்லாம் நம்ம கண் முன்னாலதான் தோண்டுவாங்க. ஜேசிபி வாளியில் கல்லாய் இறுகிய ஒரு பல் வந்தால், அது லாரி ஏறி ரோட்டுக்கு அடியில் போவதும், அருங்காட்சியகத்துக்குப் போவதும் நம்ம கையில்தான் இருக்கிறது. ஒரு நிமிஷம் வேலையை நிறுத்துங்க. போட்டோ எடுங்க, ஆழத்தை அளந்து எழுதுங்க, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்க.

பல்லாவரத்தில் ஃபூட் குனிந்து பார்த்ததும் யாரோ வெட்டிப்போட்ட குழி மண்ணைத்தான்!