தாவரவியல் மேதை ஜானகி அம்மாள்

தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு மதுரவாயல் என்றதும் புறவழிச்சாலையும் அதில் விரையும் லாரிகளுமே நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூரில்தான் உலகம் போற்றிய பெண் விஞ்ஞானி ஒருவர் தம் இறுதி ஆண்டுகளைச் செடிகளோடு கழித்தார். அவரே டாக்டர் ஈ.கே. ஜானகி அம்மாள். அப்பெருமாட்டியின் வாழ்வை நம் ஆண்டு மலரில் நினைவுகூர்வதில் பெருமகிழ்வு அடைகிறோம்.

1897 நவம்பர் 4 அன்று மலபாரின் தலைச்சேரியில் அவர் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். தோட்டக்கலையில் பேரார்வம் கொண்டவர். தலைச்சேரி திரு இருதய கன்னியர் மடப் பள்ளியில் படித்த ஜானகி, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று தாவரவியலில் பட்டம் பெற்றார். பெண்ணுக்குத் திருமணம் ஒன்றே வழி என்றிருந்த காலத்தில், அவர் நூலையும் நுண்ணோக்கியையும் துணையாகத் தேர்ந்துகொண்டார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அயல்நாட்டுக் கரும்பின் இனிப்பையும் நம் காட்டுக் கரும்பின் வலிமையையும் ஒரே பயிரில் சேர்ப்பது அந்நிலையத்தின் பெரும்பணி. அம்மையார் கரும்பை மக்காச்சோளத்தோடும் புல்வகைகளோடும் கலந்து, அவற்றின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாய் எண்ணி ஆராய்ந்தார். பெண் என்பதாலும் பிறந்த வகுப்பினாலும் அவர் பல அவமதிப்புகளைத் தாங்க நேர்ந்தது. அவற்றுக்கெல்லாம் தம் உழைப்பாலேயே விடையளித்தார்.

1939-இல் மரபியல் மாநாட்டிற்காக எடின்பரோ சென்றபோது உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, குண்டு மழைக்கிடையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார். பின்னர் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கப் பாடுபட்டார். 1970-இல் சென்னைக்கு வந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டறிந்தார். அம்மையார் எண்ணிய குரோமோசோமுக்குள் சுருண்டிருக்கும் இழையே இந்த டி.என்.ஏ. இன்று அது குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது, குற்றமற்றவரை விடுவிக்கிறது. இந்தியாவில் இச்சான்றை நீதிமன்றம் ஏற்ற முதல் வழக்குகளுள் ஒன்று, அம்மையார் பிறந்த தலைச்சேரியிலேயே நடந்தது என்பது வியப்புக்குரியது!

இத்தகைய அறிவியலைக் கிராமத்து மாணவரும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்றுதான் இன்று உயிரித் தொழில்நுட்ப, தடய அறிவியல் முகாம்கள் நடத்தப்படுகின்றன. தொடங்குவதற்கு ஒரு வெங்காயம் போதும். அதன் அடிப்பகுதி நீரைத் தொடுமாறு குவளையின் வாயில் வைத்தால் சில நாளில் வேர்விடும். வேர் நுனியை வெட்டிப் பக்குவப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் தென்படும். ஒரு செல்லில் 16. அம்மையார் வாழ்நாளெல்லாம் எண்ணியதும் இப்படித்தான்.

அன்புத் தோழியரே! மரபியல் பாடத்தை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறலாம். ஆனால் கண்ணால் கண்டு கையால் செய்தது மறக்காது. நுண்ணோக்கியைப் படத்தில் மட்டுமே கண்ட கிராமத்துச் சகோதரிகள் இன்னும் உளர். அவர்களுள்ளும் ஒரு ஜானகி இருக்கலாம் அல்லவா? பெற்றோர்களே, இத்தகைய முகாமுக்குப் பையனை அனுப்பும்போது பெண்ணையும் அனுப்புங்கள். பெண்ணுக்கு எதற்கு என்று ஜானகியின் வீட்டார் தடுத்திருந்தால், இன்று நாம் போற்ற இப்பெயர் இருந்திருக்காது.