நாள்களை எண்ணியவர்

கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைக் கடந்து கோவளம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் திருவிடந்தை வரும். திருமங்கையாழ்வார் பாடிய நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. அக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் உள்ளன. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டுமே சொல்லும். அந்த அரசன் அரியணை ஏறியது எப்போது என்று தெரியாத வரையில் அந்த ஆண்டு எண்ணால் நமக்குப் பயனில்லை. ஆழ்வாரின் பாசுரமோ அந்த எண்ணைக்கூடத் தருவதில்லை.

கல்லுக்கும் பாட்டுக்கும் காலம் குறிப்பது எப்படி? தமிழக வரலாற்றின் இந்த அடிப்படைக் கேள்விக்கு வானத்தைக் கொண்டு விடை காண முயன்றவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. வானியலையும் இலக்கிய ஆராய்ச்சியையும் சமய வரலாற்றையும் ஒரே மேசையில் வைத்து உழைத்த அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. தமிழ் நூல்களின் தொன்மை குறித்து நாள்தோறும் புதுப்புது ஆண்டுக் கணக்குகள் வந்துகொண்டிருக்கும் இந்நாளில், அவருடைய வெற்றியையும் அவர் சந்தித்த மறுப்பையும் சேர்த்தே அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

லூயிஸ் டொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1865 பிப்ரவரி 11 அன்று பிறந்தார். ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். பட்டங்களும், லண்டன் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. பட்டமும் பெற்றவர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து இந்த ஆராய்ச்சியைச் செய்யவில்லை. சென்னை மாகாண அரசின் அதிகாரியாக இருந்தார். கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராகப் பணியாற்றினார். பிறகு சட்டமன்றத்தின் செயலாளரானார். 1924-இல் சென்னை சட்டமன்றத்தின் இரண்டாவது தலைவராகப் பொறுப்பேற்றார். இன்றைய பேரவைத் தலைவர் பதவிக்கு நிகரானது அது. அப்பதவியில் இருக்கும்போதே 1925 செப்டம்பர் 10 அன்று, தமது அறுபதாவது வயதில் காலமானார். திவான் பகதூர் பட்டம் பெற்ற அந்த நிர்வாகியை அரசியல் வரலாறு ஒரு பட்டியலில் வரும் பெயராகவே நினைவு வைத்திருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு மட்டும் அவர் இன்றும் அன்றாடத் துணை.

அவருக்கு முன்பே இத்துறையில் வழி அமைத்தவர்கள் உண்டு. சென்னையில் ஜான் வாரன் 1825-இல் தென்னிந்தியக் காலக் கணிதம் பற்றிக் காலசங்கலித என்னும் நூலை வெளியிட்டார். மராட்டிய அறிஞர் சங்கர பாலகிருஷ்ண தீட்சித்தும், சென்னை மாகாண அதிகாரியாக இருந்த இராபர்ட் சிவெலும் சேர்ந்து 1896-இல் இந்திய நாள்காட்டி பற்றிய நூலைத் தந்தனர். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் சோழ, பாண்டிய கல்வெட்டுகளின் தேதிகளைக் கணக்கிட்டார். ஆனால், இவை எல்லாவற்றிலும் ஒரு தேதியைச் சரிபார்க்க ஆய்வாளர் நீண்ட கணக்குப் போட வேண்டியிருந்தது. அக்கணக்கு தெரிந்தவர்களே கல்வெட்டுக்குக் காலம் சொல்ல முடியும் என்ற நிலை இருந்தது.

அந்தக் கணக்கு ஏன் கடினமானது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு திதி. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆகவே, ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு. 26 மணி நேரத்தைத் தாண்டி நீள்வதும் உண்டு. 27 நட்சத்திரங்களைச் சந்திரன் கடக்கும் கணக்கும் அப்படியே. கிழமை மட்டும் வானத்தைச் சாராமல் ஏழு நாளுக்கு ஒரு முறை தவறாது திரும்புகிறது. மாதம், பட்சம், திதி, நட்சத்திரம், கிழமை என்று ஐந்தும் ஒரே நாளில் பொருந்தி வருவது அரிதாகவே நிகழும். பழைய கல்வெட்டு ஒன்று இந்த ஐந்தையும் தந்துவிட்டால், அவை பொருந்தும் நாள்களை வரலாற்றில் தேடிப் பிடிக்கலாம்.

சுவாமிக்கண்ணுப் பிள்ளை செய்தது, இந்தத் தேடலை எல்லோருக்கும் எளிதாக்கியது. 1911-இல் வெளிவந்த இந்தியக் காலவியல் என்னும் அவருடைய ஆங்கில நூல், கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரையிலான திதி, நட்சத்திரக் குறிப்புகளைச் சரிபார்க்கும் வழிகாட்டியாக அமைந்தது. 1922-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியாக வந்த இந்தியன் எபிமெரிஸ் அதைவிடப் பெரிய பணி. கி.பி. 700 முதல் 1799 வரை 1,100 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் அதில் உண்டு. கலியுகம், சகம், விக்கிரமம், கொல்லம், ஹிஜ்ரி ஆகிய ஆண்டுமுறைகளும் ஆங்கிலத் தேதியோடு இணைத்துத் தரப்பட்டன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நாள்களின் பஞ்சாங்கம் அது. கணினி என்ற சொல்லே இன்றைய பொருளில் இல்லாத காலத்தில் இந்த எண்கள் கணக்கிடப்பட்டு, அச்சுக் கோக்கப்பட்டு, ஏழு தொகுதிகளாக வெளிவந்தன.

அதன் பயன் பாண்டியர் வரலாற்றில் தெளிவாகத் தெரிந்தது. பிற்காலப் பாண்டியர்கள் சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டனர். சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என்ற பெயர்களும் தலைமுறைதோறும் திரும்பி வந்தன. ஒரே காலத்தில் பலர் சேர்ந்து ஆண்டதும் உண்டு. பெயரை மட்டும் வைத்து எந்தச் சுந்தர பாண்டியன் எவன் என்று பிரிக்க இயலாது. ஆனால், வானக் குறிப்புகள் பிரித்துக் காட்டின. ஒரே அரசனின் 5-ஆம் ஆண்டுக் கல்வெட்டும், 9-ஆம் ஆண்டுக் கல்வெட்டும், 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் தனித்தனியே கணக்கிடப்பட்டு, மூன்றும் ஒரே பட்டமேற்பு ஆண்டைச் சுட்டினால் அந்த முடிவு உறுதியாகிறது. அவை முரண்பட்டால், அங்கே ஒரே பெயரில் இருவர் இருக்கக்கூடும். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்களின் புதிய தேதிகள் குறித்து 1913-இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் அவர் எழுதிய கட்டுரை இவ்வகையில் முக்கியமானது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அவருடைய முடிவுகள் சிலவற்றைத் திருத்தியதும் அவருடைய அட்டவணைகளைக் கொண்டுதான்.

கல்வெட்டோடு நின்றிருந்தால் அவர் பெயரைச் சுற்றி விவாதமே எழுந்திராது. அவர் இலக்கியத்துக்குள்ளும் நுழைந்தார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1918-இல் பரிபாடலையும் பதிப்பித்திருந்தார். இரண்டிலும் வானக் குறிப்புகள் இருந்தன. மதுரை தீக்கிரையாகும் நாளை ஆடி மாதம், தேய்பிறை, அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை என்று சிலப்பதிகாரம் குறிக்கிறது. இந்திர விழாவின் நாள் பற்றி உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் மேலும் சில குறிப்புகளைத் தருகிறார். இரண்டையும் இணைத்துக் கணக்கிட்ட சுவாமிக்கண்ணுப் பிள்ளை, அவை பொருந்தும் ஆண்டு கி.பி. 756 என்றார், மதுரை எரிந்த நாள் அவ்வாண்டு ஜூலை 23 என்பது அவர் முடிவு. பரிபாடலின் 11-ஆம் பாடலில் நல்லந்துவனார் பாடிய கோள் நிலைகளும் சந்திர கிரகணமும் கி.பி. 634 ஜூன் 17-ஐக் குறிக்கின்றன என்றும் கணித்தார்.

சங்க இலக்கியத் தொகையுள் ஒன்று ஏழாம் நூற்றாண்டினது, சிலம்பு எட்டாம் நூற்றாண்டினது என்பதைத் தமிழுலகம் எளிதில் ஏற்குமா? வி. கனகசபை 1904-இல் வெளியிட்ட நூலிலேயே தமிழரின் பொற்காலத்தை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வைத்திருந்தார். சிலம்பில் வரும் இலங்கை மன்னன் கயவாகுவை மகாவம்சத்தின் கஜபாகுவோடு இணைத்து, காப்பியத்தை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்துவது பலருக்கும் உடன்பாடாக இருந்தது. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் கணிப்பு அதைவிட ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னே வந்து நின்றது. இனப் பெருமையோ, ஊர்ப் பாராட்டோ எதிர்பார்த்து அவர் இந்த விடையைச் சொல்லவில்லை என்பது வெளிப்படை.

ஆயினும், அவருடைய விடையை மறுத்தவர்கள் பெருமைக்காக மட்டும் மறுக்கவில்லை. அவர்கள் கணக்கில் தவறு கண்டவர்களும் அல்லர். 756 ஜூலை 23 வெள்ளிக்கிழமைதான். தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள்தான். ஐயம் எழுந்தது கணக்குக்குள் இடப்பட்ட செய்தியின் மீது. ஆடித் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமையோடும் கார்த்திகையோடும் கூடுவது ஒரே நூற்றாண்டில் பல முறை நிகழக்கூடியது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவியவை அடியார்க்கு நல்லாரின் குறிப்புகள். அவரோ காப்பியத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே வாழ்ந்தவர். அவர் சொன்ன நாள் இளங்கோவடிகள் கருதிய நாள்தானா, உரையாசிரியர் தம் காலப் பஞ்சாங்க அறிவால் வருவித்ததா? பரிபாடலிலும் இதே சிக்கல் உண்டு. கோள்களை நேர்ப் பெயரால் சொல்லாமல் குறிப்பால் பாடிய புலவரின் சொற்களுக்குப் பொருள் காணப் பரிமேலழகர் உரையைத் துணைக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கொண்டால் கோள் வேறு ராசிக்கு நகரும், நூற்றாண்டும் மாறும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிழமையைக் குறிக்கும் இந்தியக் கல்வெட்டுகளுள், காலம் உறுதியாகத் தெரிந்தவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் உள்ள புதகுப்தர் காலக் கல்வெட்டு. அதன் ஆண்டு கி.பி. 484. அப்படியிருக்க, வெள்ளிக்கிழமையைச் சொல்லும் காப்பியத்தை இரண்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 756 என்ற ஆண்டை இன்று ஏற்போர் மிகச் சிலரே. ஆனால், அவர் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை.

சமய வரலாற்றிலும் அவர் இதே அளவுகோலைப் பயன்படுத்தினார். வைணவ குருபரம்பரை நூல்கள் ஆழ்வார்களின் பிறந்த மாதம், நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றைப் பேணி வந்துள்ளன. ஆண்டை மட்டும் துவாபர யுகத்திலும் கலியுகத் தொடக்கத்திலும் வைத்தன. அந்த மரபை நகையாடி ஒதுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை அவர். வரலாற்றுக் காலத்தில் எந்த நாளுக்கு அக்குறிப்புகள் பொருந்தும் என்று ஆராய்ந்தார். கத்தோலிக்கர் ஒருவர் ஆழ்வார்களின் திருநட்சத்திரங்களையும் ஹிஜ்ரி ஆண்டின் பிறைக் கணக்கையும் ஒரே நேர்மையோடு கணக்கிட்டார். பிறர் சமயத்தை ஆராய்வோருக்கு வேண்டிய பண்பு அவரிடம் இருந்தது.

அவருடைய வாழ்வு தரும் பாடம் இங்கேதான் இருக்கிறது. கல்வெட்டில் அவர் முறை வென்றது, காப்பியத்தில் தடுமாறியது. இரண்டிலும் வானியல் ஒன்றே. கல்வெட்டுகள் பல, ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். செதுக்கியவன் வளர்பிறையைத் தேய்பிறை என்று மாற்றிப் பொறித்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். காப்பியம் ஒன்றே ஒன்று. அதன் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வேறு சாட்சி இல்லை. ஆகவே அங்கே பாட பேதத்தையும் உரை மரபையும் சொல் வழக்கையும் அறிந்த இலக்கிய ஆய்வாளர் முதலில் பேச வேண்டும். வானியலாளர் பிறகுதான் பேச வேண்டும்.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. அவர் ஆயுளைச் செலவிட்ட கணக்கைக் கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் செய்கிறது. வான்காட்சி மென்பொருளில் ஒரு செய்யுளின் கோள் நிலையை இட்டு, இதிகாசம் ஒன்றுக்கோ இலக்கண நூலுக்கோ பல்லாயிரம் ஆண்டுப் பழைமையை அறிவிப்பது எளிதாகிவிட்டது. கீழடியில் கிடைத்த கரித்துண்டைக் கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பாட்டை அனுப்ப முடியாது. கணக்கு எளிதாக எளிதாக, கணக்குக்குள் எதை இடுகிறோம் என்ற எச்சரிக்கை கூட வேண்டும். அது குறைந்துவருகிறது என்பதே கவலை.

கேளம்பாக்கத்தைச் சுற்றியும் வண்டலூர் சாலையிலும் பொறியியல் கல்வி பெருகி நிற்கிறது. கணிதமும் நிரல் எழுதும் திறனும் கொண்ட ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே பயில்கிறார்கள். சோழர் கல்வெட்டுகள் அவர்களுக்கு அரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. கல்வெட்டு எழுத்தைப் படிக்கவும், பழைய உரையின் ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்று வினவவும் அவர்களுள் சிலருக்கேனும் கற்றுத்தரும் ஏற்பாடு வேண்டும். தமிழ்த் துறைகளிலும் திதியும் நட்சத்திரமும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்பது பாடமாக வேண்டும். இரு திறனும் ஒருவரிடமே அமைவது அரிது. இரு திறனுடையோரும் ஒரே மேசையில் அமர்வது அரிதாக இருக்க வேண்டியதில்லை.

சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் முடிவுகளில் சில உதிர்ந்துவிட்டன; அவருடைய அட்டவணைகள் நிலைத்துவிட்டன. தம் முடிவை மறுப்பவரும் சரிபார்த்துக்கொள்ளும் வகையில் ஒவ்வொரு எண்ணையும் திறந்து வைத்துவிட்டுப் போனார் அவர். தொன்மையைப் பற்றிப் பேச முன்வரும் எவரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்தத் திறந்த கணக்கைத்தான். ஆண்டு எண் அதன் பிறகு வரட்டும்.