தனக்குத்தானே கண்ணாடி வீடு கட்டிக்கிற செடி!
(ஜோசப் டால்டன் ஹூக்கர்: 1817 – 1911)

குளிர் நாடுகளில் செடிகளைக் காப்பாற்றக் கண்ணாடி வீடு கட்டுவாங்க. ஆனா, இமயமலையில ஒரு செடி தனக்கான வீட்டைத் தானே கட்டிக்குது. அதை உலகத்துக்குச் சொன்னவர்தான் ஹூக்கர்.

இங்கிலாந்தில் 1817-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா தாவரவியல் பேராசிரியர். ஏழு வயசிலேயே அப்பா நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவாராம்! 22 வயதில் மருத்துவராக, எரெபஸ் என்ற கப்பலில் அண்டார்க்டிகா பக்கம் போனார். நான்கு வருடம் கடல் பயணம். போன தீவுகளில் எல்லாம் செடி சேகரித்தார். திரும்பி வந்ததும் டார்வினின் நெருங்கிய நண்பரானார்.

1848-இல் டார்ஜிலிங் வந்தார். அங்கிருந்து சிக்கிம் மலைகளுக்குள் போனார். அப்போ அங்கே நல்ல சாலையும் கிடையாது, சரியான வரைபடமும் கிடையாது. ஓயாத மழை, அட்டைக்கடி வேறு! பறித்த செடிகள் அழுகிப் போகாமல் இருக்க, காகிதங்களை நெருப்பில் காயவைத்து அதற்குள் வைத்தார். மலை எவ்வளவு உயரம்னு எப்படி அளந்தார் தெரியுமா? தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான்! உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நம்ம அறிவியல் பாடம்தான்!

லாச்சென் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில், கறுத்த பாறைகள் மேல வெளிறிய மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரிந்தாலும், என்னன்னு அவருக்குப் புரியவில்லை. கிட்டே போய் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருந்த இலைகளை விலக்கிப் பார்த்தால், உள்ளே சின்னச் சின்னப் பூக்கள்! அதுதான் ரியம் நொபைல். 1855-இல் தாமஸ் தாம்சனோடு சேர்ந்து அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்த மெல்லிய இலைகள் வெளிச்சத்தை உள்ளே விடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும். பூவைக் கதகதப்பாக வைக்கும். பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும்.

ஆனால், இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. வெள்ளைக்காரர்கள் தன் நாட்டில் சுற்றுவது சிக்கிம் அரசருக்குப் பிடிக்கவில்லை. ஹூக்கரும் டார்ஜிலிங் அதிகாரி கேம்பலும் 1849-இல் எல்லையைத் தாண்டித் திபெத்துக்குள் போனார்கள். திரும்பியதும் நவம்பரில் இரண்டு பேரையும் சிக்கிம் திவானின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். கேம்பலுக்குச் செம அடி. கைதியாகப் போகும் வழியிலும் ஹூக்கர் ரோடோடென்ட்ரான் விதைகளைச் சேகரித்தார்! டிசம்பரில் விடுதலை கிடைத்தது. ஆனால் அதையே காரணம் காட்டி, சிக்கிமின் தெற்குப் பகுதியை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். செடி தேடிய பயணத்தில் ஒரு நாடு தன் நிலத்தை இழந்தது. இதையும் நாம மறக்கக் கூடாது.

மூட்டை சுமந்து, வழி காட்டி, மரம் ஏறிப் பூப் பறித்துக் கொடுத்த லெப்சா மக்களையும் மறக்கக் கூடாது. அவர்கள் இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்புகள் ஏது?

ஹூக்கர் சிக்கிமில் கண்ட ரோடோடென்ட்ரான்கள் படங்களோடு புத்தகமாக வந்தன. நம்ம நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் இந்த இனம்தான்! 1865 முதல் 1885 வரை கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தார். இந்தியத் தாவரங்களைப் பற்றி 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கடைசித் தொகுதி வரும்போது அவருக்கு வயது 80! 1911-இல், 94-ஆம் வயதில் காலமானார்.

தூரத்தில் ஏதோ மஞ்சளாத் தெரியுதுன்னு அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் போய், இலையை விலக்கிப் பார்த்தார். நம்ம ஊர் வேலி ஓரத்திலும் பெயர் தெரியாத பூ எத்தனையோ இருக்கு. நாளைக்கு ஒண்ணையாவது நின்னு பாருங்க. பறிக்காம பாருங்க!